புகையா, பனியா? வீட்டு வாக்குவாதங்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஐப்பசியில் ஒரு காலை. கொல்லைப்பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்த மகள், "அம்மா, கீழத் தோட்டத்துல தீப்பிடிச்சிருச்சு!" என்று கத்தினாள். ஓடையோரம், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, வெள்ளையாக ஏதோ கிளம்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் குடத்தைத் தூக்கினேன். அத்தை மட்டும் திண்ணையை விட்டு எழவில்லை. "மொதல்ல மூக்குக்கு வாடை வருதான்னு பாருங்க" என்றார். வாடை இல்லை. ஓடையிலிருந்து எழுந்த பனி அது.

நான் ஏற்காட்டில் வாழ்க்கைப்பட்டு 22 வருஷம் ஆகிறது. இந்த மலையில் தூரத்துப் புகையும் தூரத்துப் பனியும் ஒரே மாதிரி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிறகு ஒருநாள் மணிமேகலையின் 29-ஆவது காதையைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கிறது என்று துணியலாம், அடுக்களையில் அப்படித்தானே பார்க்கிறோம் என்று எடுத்துக்காட்டுகிறார். பிறகு தவறான காரணங்களை ஒவ்வொன்றாக வகைப்படுத்தும்போது, ஆவியோ பனியோ என்று சந்தேகம் இருக்கும்போதே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று முடிவு கட்டுவதையும் ஒரு குற்றமாகச் சேர்க்கிறார். சீத்தலைச் சாத்தனார் எங்கள் கொல்லையில் நின்று பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது. சண்டை முடிவைப் பற்றி நடப்பதுபோலத் தோன்றும். கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், யாரோ ஒருவர் பனியைப் புகை என்று எடுத்துக்கொண்டிருப்பார். கீழே உள்ள குறிப்புகள் என் அடுக்களையிலும் தோட்டத்திலும் பலன் கொடுத்தவை.

1. பேசப் போகும் முன் சொல்ல வந்ததை நான்கு வாக்கியமாக அடுக்கிக்கொள்ளுங்கள். என்ன வேண்டும், ஏன் வேண்டும், கேட்பவருக்கும் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு, அது இங்கே எப்படிப் பொருந்துகிறது. அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று சொல்லிக்கொண்டு போகும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

இதில் மூன்றாவதுதான் ஆளை அசைக்கும். காபிப் பழம் காயவைக்க சிமென்ட் களம் போட வேண்டும் என்று இரண்டு வருஷம் கேட்டேன். மண் தரையில் காய்ந்தால் கொட்டைக்கு மண் வாடை ஏறும், விலை குறையும் என்று காரணமும் சொன்னேன். அத்தை, "இத்தனை வருசம் இந்த மண்ணுலதான் காஞ்சுது" என்று முடித்துவிடுவார். மூன்றாம் வருஷம் அவர் வடகம் பிழிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "துணி விரிக்காம வடகம் பிழிவீங்களா அத்தை?" என்று கேட்டேன். கை நின்றது. "மண்ணு வாடை ஏறிருமே" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. அந்த அறுவடைக்கு முன்னால் களம் போட்டாகிவிட்டது. எடுத்துக்காட்டைக் கேட்பவரின் கைவேலையிலிருந்து எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த உலகத்திலிருந்து எடுத்தால் அதை நிரூபிக்க இன்னொரு வாதம் தேவைப்படும்.

2. காரணத்தை எடுத்து வீசும் முன், அது நிற்கும் காரணமா என்று சோதித்துப் பாருங்கள். நிற்காத காரணத்தை மணிமேகலை அசித்தம் என்கிறது. அதில் நான்கு வகை சொல்கிறது. நான்கையும் வீட்டிலேயே பார்க்கலாம்.

முதல் வகை, இரு தரப்புமே ஒத்துக்கொள்ளாத காரணம். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லும்போது இது வரும்: "நீங்க ஒருநாள்கூட எனக்கு உதவி செஞ்சதில்ல." சொல்பவருக்கே தெரியும், அது உண்மை இல்லை என்று. எதிராளி அந்த 'ஒருநாள்கூட' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வார். நியாயமான மனக்குறை அதோடு அடிபட்டுப் போகும்.

இரண்டாவது, நமக்குச் சரி, எதிரில் இருப்பவருக்குச் சரியில்லாத காரணம். "ஜாதகம் பொருந்தலை" என்பது ஜாதகம் பார்க்காத வீட்டில் செல்லாது. "டாக்டர் யூடியூப்ல சொன்னாரு" என்பதும் அப்படித்தான். இங்கே முதலில் காரணத்தை நிலைநாட்ட வேண்டும், முடிவுக்குப் பிறகு வரலாம்.

மூன்றாவதுதான் எங்கள் கொல்லைப்பக்கத்துப் பனி. மகன் போனை எடுக்கவில்லை, அதனால் விபத்து. மருமகள் முகம் வாடியிருக்கிறது, அதனால் நம்மீது கோபம். போன் எடுக்காததும் முகம் வாடியதும் உண்மை. அவை எதற்கான அடையாளம் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

நான்காவது, பேசப்படும் பொருளே இல்லாதபோது அதைப் பற்றி வாதிடுவது. தாத்தா எழுதி வைத்ததாகச் சொல்லும் உயிலை வைத்து இரண்டு குடும்பங்கள் ஆறு வருஷம் பேசாமல் இருந்ததை என் பிறந்த வீட்டுப் பக்கம் பார்த்திருக்கிறேன். அப்படி ஓர் உயிலை யாருமே கண்ணால் பார்த்ததில்லை.

3. காபித்தூள் சோதனையைக் கற்றுக்கொள்ளுங்கள். தூளுக்கும் உதவும், வாதத்துக்கும் உதவும். கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். காபி கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி சட்டென்று இறங்கும். இறங்கும் வழியெல்லாம் பழுப்பாகக் கோடு இழுக்கும். (சிக்கரி கலப்பது குற்றமில்லை. எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும், 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தனிக் காபி என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று.)

இந்தச் சோதனை ஏன் நல்ல சோதனை? சிக்கரி இருக்கும் தூளில் கோடு விழுகிறது, சிக்கரி இல்லாத தூளில் விழுவதில்லை. ஒரு காரணம் செல்ல வேண்டுமானால், ஒத்த இடங்களில் இருக்க வேண்டும், ஒவ்வாத இடங்களில் இருக்கக் கூடாது. சபக்கம், விபக்கம் என்று நூல் சொல்வது இதைத்தான். பலர் முதல் பாதியை மட்டும் பார்க்கிறார்கள்.

4. தேன் சோதனையை நம்பாதீர்கள். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் மலைத்தேன் வாங்காமல் இறங்குவதில்லை. விற்பவர் தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசிக் காட்டுவார், பற்றிக்கொள்ளும், "பாத்தீங்களா, சுத்தமான தேன்!" தண்ணீர் கலந்திருந்தால் குச்சி ஈரமாகிப் பற்றாது என்பது வரைக்கும் சரி. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகிலும் தண்ணீர் குறைவுதான். அதில் முக்கிய குச்சியும் பற்றலாம். அப்படியானால் அந்தச் சுடர் தேனுக்கு மட்டும் சாட்சி சொல்லவில்லை, பாகுக்கும் சொல்கிறது. இரண்டு பக்கமும் போய் நிற்கும் இந்த மாதிரிக் காரணத்துக்கு மணிமேகலையில் அநைகாந்திகம் என்று பெயர். கண்ணெதிரே செய்து காட்டியதாலேயே ஒன்று நிரூபணம் ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம். என்ன காட்டினார்கள், அதிலிருந்து எது கிடைக்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

5. மிளகில் இதையே திருப்பிப் பாருங்கள். பப்பாளி விதை கலந்த மிளகைத் தண்ணீரில் போட்டால் விதை மிதக்கும், நல்ல மிளகு மூழ்கும் என்பார்கள். சரியான குறிப்புதான். ஆனால் நாங்கள் மிளகு விளைவிப்பவர்கள். எங்கள் கொடியில் எங்கள் கையால் பறித்ததிலேயே முற்றாத சொத்தைக் காய்கள் மிதக்கும். ஆகவே மூழ்கினால் மிளகு என்று தைரியமாகச் சொல்லலாம். மிதந்தால் பப்பாளி விதை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. மிதந்ததை எடுத்து நகத்தால் நசுக்கி முகர்ந்து பாருங்கள், கடித்துப் பாருங்கள். காரம் இருந்தால் அது மிளகுதான். "புகை இருந்தால் நெருப்பு" என்பதைத் திருப்பிப் போட்டு "நெருப்பு இருந்தால் புகை" என்று படிக்கும் பிழை இந்த வகை. பழுத்த தணலில் புகை ஏது?

6. ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். பேரனுக்குச் சளி, கஷாயம் கொடுத்தோம், நாலாம் நாள் சரியானது. கஷாயத்தால்தானா? சாதாரணச் சளி எதுவும் கொடுக்காவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் இறங்கும். கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று சொல்லுங்கள், அது உண்மை. அதற்கு மேல் அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

காரணத்தை எப்படி உறுதி செய்வது என்று காபிச் செடியிடம் கேட்கலாம். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால், ஒன்பது பத்து நாளில் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை போன்ற அந்த வாசனைக்காகவே நான் அந்த வாரம் கீழே இறங்குவதில்லை. மழைதான் பூவைக் கொண்டுவருகிறது என்று எப்படித் தெரியும்? பருவம் வந்தால் தானாகவே பூக்கலாமே? மழை தவறிய வருஷத்தில் ஸ்பிரிங்க்ளர் வைத்து நீர் தெளித்த தோட்டம் பூக்கிறது. தெளிக்காத பக்கத்துத் தோட்டம் மொட்டோடு நிற்கிறது. அதே மாதம், அதே வெயில், அதே மண். மாறியது தண்ணீர் மட்டும். இப்படி ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்த சாட்சி கிடைத்தால்தான் காரணம் என்று அழுத்திச் சொல்லலாம்.

7. "போன வருஷத்தைவிட" என்று யாராவது ஆரம்பித்தால் அதற்கு முந்தின வருஷத்தையும் கேளுங்கள். நுண்ணூட்ட மருந்து விற்பவர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்துத் தோட்டத்தில் போன வருஷம் 6 மூட்டை, தன் மருந்து ஊற்றியபின் 11 மூட்டை என்றார். வீட்டுக்காரர் பணம் எடுக்க உள்ளே போய்விட்டார். அராபிகா காபி ஒரு வருஷம் காய்த்துக் கொட்டும், மறு வருஷம் களைத்து ஓய்வெடுக்கும். நான் கேட்டது ஒன்றுதான்: "அதுக்கு முந்தின வருசம் எத்தனை மூட்டைங்க?" அவருக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேட்டோம். 12.

மருந்து கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதன் பலனை அந்தக் கணக்கு காட்டவில்லை. உண்மையாகத் தெரிய வேண்டுமானால் நாலு வரிசைக்கு ஊற்றி நாலு வரிசையை விட்டுவிடுங்கள். பிள்ளையின் மதிப்பெண், மின்கட்டணம், நகை விலை எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். இறக்கத்தில் நின்று அளந்தால் எதுவுமே ஏற்றமாகத்தான் தெரியும்.

8. மே மாதத்தில் பார்த்து வீடு வாங்காதீர்கள். கோடை விழாவுக்கு வருகிறார்கள், சேலத்து வெயிலிலிருந்து தப்பி ஏறிய மகிழ்ச்சியில் இருக்கிறார்கள், இரண்டு நாள் தங்குகிறார்கள், முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மழைக்காலத்தில் வந்து பார்த்தால் சுவரில் பூசணம், அலமாரித் துணியில் ஈர வாடை, காற்றடித்தால் மின்சாரம் கிடையாது. மலை அவர்களை ஏமாற்றவில்லை. வருஷத்தின் ஒரு வாரத்தை எடுத்து முழு வருஷம் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். ஒரு சோறு பதம் என்பது ஒரே பானையில் ஒரே கொதியில் வெந்த சோற்றுக்குத்தான். வாங்குவதாக இருந்தால் ஆடியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை, ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு புதன்கிழமை காலை வந்து பாருங்கள். மாப்பிள்ளை பார்க்கும் வீடுகளுக்கும் இதைச் சொல்வேன்.

9. உவமையைக் கேட்டால், எதுவரைக்கும் என்று கேளுங்கள். ஏற்காட்டை ஏழைகளின் ஊட்டி என்கிறார்கள். சேலத்திலிருந்து பக்கம், செலவு குறைவு என்ற பொருளில் சரி. அதை அப்படியே நீட்டி, ஊட்டியில் வளர்வதெல்லாம் இங்கே வளரும் என்று முதலீடு செய்தால் நஷ்டம். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டரில் இருக்கிறது, உறைபனி விழும் ஊர், தேயிலை மலை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். இது காபி மலை. உவமை என்பது பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பாத்திரம், வாங்கிய வேலைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

10. ஒரே சொல் இரண்டு பொருளில் ஓடுகிறதா என்று கவனியுங்கள். இந்த மலையின் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். தமிழ் பேசுகிறவர்கள்; காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் வழிவழிக் கதையில் சொல்லிக்கொள்பவர்கள். சுற்றுலா வருகிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் கேரளத்துக்காரர்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். "அவங்களும் பொழைக்க வந்தவங்கதானே" என்று ஒருவர் என் வீட்டு முற்றத்தில் நின்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு, அதன்மேல் ஒரு தீர்ப்பையே கட்டிவிட்டார். வீட்டிலும் 'சுதந்திரம்', 'மரியாதை', 'பொறுப்பு' என்று வரும்போது வாதத்தை நிறுத்தி, "நீ எந்த அர்த்தத்துல சொல்ற?" என்று கேட்டுவிடுங்கள். என் மகளும் நானும் ஒரு மாதம் 'சுதந்திரம்' பற்றிச் சண்டை போட்டோம். அவள் சொன்னது தனியாக சேலத்துக்குப் பஸ்ஸில் போய்வருவதை.

11. உங்களுக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு வேறு நியாயம் வேண்டாம். வேறுபடுத்த வேண்டுமானால், அந்த வேறுபாடு விஷயத்தோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும்.

சேலம் மாவட்டத்து மலையாளிகள் அட்டவணைப் பழங்குடியினர்; ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித்தொகுதி. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லாமல் போனது. பட்டியல் மாவட்டங்களின் பெயர் சொல்லி எழுதப்பட்டது: சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை. அந்த மலைகள் அன்றைக்குக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தன. ஈரோடு மாவட்டம் பிறந்ததே 1979-இல்தான். அதே இனம், அதே மலை வாழ்க்கை. வருவாய்த்துறையின் எல்லைக்கோடு மட்டும் வேறு. அவர்கள் பல வருஷமாக வைக்கும் வாதத்தின் பலம் இதில்தான் இருக்கிறது. புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டிய தேவைகூட அவர்களுக்கு இல்லை. அங்கே ஒத்துக்கொண்டதை இங்கே ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கேள்விக்கு எல்லைக்கோடு பதிலாகாது.

மகனுக்கு ஒன்பது மணி வரை வெளியே இருக்க அனுமதி, மகளுக்கு ஆறு மணி என்று வைத்திருக்கும் வீடுகளில் இதே கேள்வியைப் பிள்ளைகள் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள், அல்லது நேரத்தை மாற்றுங்கள்.

12. பழமை ஒரு காரணம் ஆகாது. "எங்க தாத்தா காலத்துலேருந்து" என்று இந்த மலையில் காபியைப் பற்றிப் பேசுகிறோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் கொண்டுவந்த புதுமைதான் இங்கே காபி.

13. சொன்னவர் யார் என்று பார்க்க வேண்டிய இடமும் உண்டு, பார்க்கக் கூடாத இடமும் உண்டு. கல்யாணமான புதிதில் நான் எது சொன்னாலும், "கீழயிருந்து வந்தவளுக்கு மலையைப் பத்தி என்ன தெரியும்" என்று ஒரு பதில் வரும். செடி ஏன் வாடுகிறது என்று நான் தண்டைப் பிளந்து புழுவைக் காட்டியபோதும் அதே பதில்தான். புழு கண் முன்னே நெளிகிறது. காட்டியவள் எந்த ஊர் என்பது புழுவுக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் எந்தச் சோதனையும் காட்டாமல், "என்னை நம்புங்க" என்று தன் வாக்கை மட்டும் வைத்தால், அப்போது அவர் யார், இதில் அவருக்கு என்ன லாபம் என்று கேட்பது நியாயம்தான். வாக்கை வைத்தால் ஆளைப் பாருங்கள், காரணத்தை வைத்தால் காரணத்தைப் பாருங்கள்.

14. "ஒண்ணு இது, இல்லாட்டி அது" என்றால் மூன்றாவது பாதையைத் தேடுங்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதையை மட்டும் தெரிந்தவர்கள், அதில் மண் சரிந்தால் ஊரே அடைபட்டது என்பார்கள். குப்பனூர் வழி இருக்கிறது.

15. எதிராளியின் வாதத்தை அவரைவிட நன்றாக நீங்கள் சொல்லிப் பாருங்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் ஏழு மதங்கள் சொல்கிறார். உடன்படுவது, மறுப்பது போன்றவற்றோடு, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவதையும் ஒன்றாக வைக்கிறார். இலக்கண நூலில் இதற்கு இடம் கொடுத்தவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

2018-இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை அறிவிக்கப்பட்டபோது எங்கள் உறவுக்குள்ளேயே இரண்டு கட்சி. 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய். வேண்டும் என்றவர்கள் பயண நேரத்தையும் தொழிலையும் சொன்னார்கள். வேண்டாம் என்றவர்கள் கிணற்றையும் தென்னையையும் காட்டையும் சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் 'வளர்ச்சிக்கு எதிரி', 'விவசாயிக்கு எதிரி' என்று சொன்னதோடு சரி. நீதிமன்றத்தில் கேள்வி எப்படிச் சுருங்கியது என்று பாருங்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி முன்கூட்டியே வாங்காதது முக்கியமான ஒரு காரணம். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிலத்தை எடுக்கும் எண்ணத்தை அறிவிக்க அந்த அனுமதி முன்னதாகத் தேவையில்லை, ஆனால் வேலை தொடங்கும் முன் வாங்கியே ஆக வேண்டும் என்றது. சாலை நல்லதா கெட்டதா என்று ஊர் கத்திக்கொண்டிருந்தபோது, எந்த அனுமதி எந்தக் கட்டத்தில் வேண்டும் என்பதில் வழக்கு திரும்பியது.

அந்தச் சமயத்தில் என் தம்பியும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதை விட்டுவிட்டார்கள். ஒரு பொங்கலன்று இருவரையும் உட்காரவைத்து, தம்பி சித்தப்பாவின் வாதத்தைச் சொல்ல வேண்டும், சித்தப்பா தம்பியின் வாதத்தைச் சொல்ல வேண்டும் என்றேன். சித்தப்பா ஆரம்பித்துவிட்டு நடுவில் நிறுத்தி, "கிணத்துக்குக் காசு குடுக்கறாங்க, ஊத்துக்கு யார் குடுப்பாங்கன்னு கேக்கறான்" என்றார். அவர் கருத்து மாறவில்லை. பேச்சு திரும்ப வந்தது.

16. சிறியதாகக் கேளுங்கள், காட்ட முடிந்ததைக் கேளுங்கள். 1882-இல் சேலத்தில் நடந்த கலவரத்தைத் தூண்டியதாக வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார் மீது குற்றம் சாட்டி 10 வருஷத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் விடுதலையானார். அதோடு விடவில்லை, நகராட்சி உறுப்பினர் பதவியைப் பறித்ததற்காக அரசாங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்து 100 ரூபாய் நஷ்டஈடு வாங்கினார். தொகையைப் பார்க்காதீர்கள். அரசாங்கம் தவறு செய்தது என்பது அந்த 100 ரூபாயில் பதிவாகிவிட்டது. இதே மனிதர் 1920-இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார்.

எங்கள் தெருக் குழாய்க்காக ஓர் அலுவலகத்துக்கு "எங்களுக்குத் தண்ணீரே வருவதில்லை" என்று மூன்று மனு கொடுத்தோம், பதில் இல்லை. நாலாவதில், எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நிமிடம் வந்தது என்று 21 நாள் கணக்கை ஒரு காலண்டர் தாளில் எழுதி இணைத்தோம். ஆள் வந்து வால்வைப் பார்த்தார்.

17. பசியோடு வாதாடாதீர்கள். விருந்தாளி முன்னால் வாதாடாதீர்கள். அங்கே அவரவர் கவுரவம்தான் பேசும். திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் கொடுத்த வள்ளுவர், அவையறிதலுக்குத் தனியாக ஒன்று கொடுத்திருக்கிறார்.

18. நீங்கள் பார்த்தது பனி என்று தெரிந்துவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். "நான் தப்பாப் பாத்துட்டேன்" என்ற மூன்று சொல் போதும். "ஆனாலும்" என்று நாலாவது சொல்லைச் சேர்த்தால் முதல் மூன்றும் வீண். அன்று மண்வெட்டியோடு திரும்பி வந்த வீட்டுக்காரர் மகளிடம், "நீ கத்துனது தப்பில்லம்மா" என்றார். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் அடுத்த குறிப்பு அதைப் பற்றியது.

19. எல்லா நேரத்திலும் முழு நிரூபணத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. தவறினால் எந்தப் பக்கம் இழப்பு அதிகம் என்று பாருங்கள். ஐப்பசியில் ஓடையிலிருந்து வெள்ளை எழுந்தால், தரையெல்லாம் ஈரம். இரண்டு நிமிடம் நின்று முகர்ந்து பார்க்கலாம். பனி தரையோடு படர்ந்து ஊரும், வெயில் ஏற ஏறக் கரையும். புகை ஓரிடத்திலிருந்து கிளம்பி மேலே போகும், அடியில் கருப்போ மஞ்சளோ தட்டும், கண்ணைக் கரிக்கும். மாசி, பங்குனியில் அப்படி இல்லை. புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும். சரிவில் பிடித்த தீ காற்றோடு மேலே ஏறும் வேகத்துக்கு ஆளால் ஓட முடியாது. அந்த மாதங்களில் சந்தேகமே போதும். முதலில் வனத்துறைக்கோ 101-க்கோ போன் போடுங்கள், கீழ்வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு வெளியே வரச் சொல்லுங்கள், மாட்டை அவிழ்த்துவிடுங்கள். புகையா பனியா என்று அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.